உருளைக்கிழங்கு வயலில் ஆறு அப்ரெண்டிஸ்கள்

நோட்டீஸ் போர்டு

செப்டம்பர் கடைசி வாரம், ஒரு புதன்கிழமை காலை. செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு சிறிய ஊர்த் தொழிற்சாலை. அதன் டிரெயினிங் ஷாப், அதாவது பயிற்சிப் பட்டறை வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் என் பெயரும், அம்பத்தூரிலிருந்து என்னோடு வந்திருந்த ஆறு அப்ரெண்டிஸ்களின் பெயர்களும் இருந்தன. பெயர்களைத் தவிர மற்றதெல்லாம் செக் மொழி. முதல் இரண்டு மாத டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது என்று பையன்கள் முண்டியடித்தார்கள்.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஹானா என்ற பெண். நிதானமாக ஆங்கிலம் பேசுவார். அவர் வந்து படித்துச் சொன்னார். "வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று நாள் ஷாப் கிடையாது. பக்கத்துக் கிராமத்துக் கூட்டுறவுப் பண்ணையில் உருளைக்கிழங்கு அறுவடை. நீங்களும் வருகிறீர்கள். ரப்பர் பூட்ஸை ஸ்டோரில் வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு லாரி."

பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தமிழில் சொன்னேன்.

"இன்னா சார் சொல்லுது அந்தம்மா? கெயங்கு நோண்டவா நம்ள இவ்ளோ தூரம் இட்டாந்தாங்க?" என்று பூந்தமல்லி ஜாஃபர் சிரித்துவிட்டான். ஆவடி சந்தானம் சிரிக்கவில்லை. "நாங்க மெஷின் டூல் கத்துக்க வந்தோம் சார். நான் போகமாட்டேன்" என்றான்.

முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவன் நான். என் கையில் படித்துப் போனவர்கள் பெரிய பெரிய பதவிக்கு வந்திருக்கிறார்கள். இருந்தாலும், உங்கள் சர்வீஸில் எதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் சொல்வது அந்த உருளைக்கிழங்கு வயலைத்தான். இன்றைக்கு டிரெயினிங் சென்டரில் இருக்கும் பிள்ளைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

எப்படிப் போனோம்

அறுபத்தாறாம் வருஷம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு பிளாட்டில் ஷெட் நிற்கும், அடுத்த பிளாட்டில் ஆடு மேயும். எங்கள் கம்பெனி லேத் மெஷின் செய்தது. தொழில்நுட்பம் அந்த செக் தொழிற்சாலையுடையது. ஒப்பந்தப்படி ஒரு இன்ஸ்ட்ரக்டரும் ஆறு அப்ரெண்டிஸ்களும் ஆறு மாதம் அங்கே போய்ப் பயிற்சி எடுக்கவேண்டும். முதல் பேட்ச் நாங்கள். எங்களுக்குப் பின்னால் இன்னொரு பேட்ச் போவதற்குக் காத்திருந்தது.

பரீட்சை வைத்துத்தான் எடுத்தார்கள். சந்தானத்தின் அப்பா ஒரு ஆபீஸில் குமாஸ்தா. இங்கிலீஷ் நன்றாக வரும், டிராயிங்கைப் பார்த்ததும் புரிந்துகொள்வான். ஜாஃபரின் வீட்டில் பரம்பரையாகத் தகர வேலை. விளக்கு, புனல், டிரங்குப் பெட்டி. இரும்பை அவன் தொட்டாலே அது சொன்னபடி கேட்கும். செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே ஒரு கிராமத்திலிருந்து வந்தவன் ஏழுமலை. பூந்தமல்லி வரை நடந்து வந்து பஸ் பிடிப்பான். "எங்கப்பா ரைஸ் மில்லுல மேஸ்திரி" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அதிகம் பேசமாட்டான். மற்ற மூவரும் பாடிப் பக்கத்துப் பையன்கள், சூட்டிகையானவர்கள்.

குளிருக்கு கோட் வேண்டும் என்றார்கள். மூர் மார்க்கெட்டில் பழைய கோட்டுகள் வாங்கினோம். அந்துருண்டை வாசனை பம்பாய் வரை ரயிலிலும் வந்தது, விமானத்திலும் வந்தது. எங்களில் யாரும் அதற்கு முன் விமானத்தை ஏணி வைத்து ஏறும் தூரத்தில் பார்த்ததில்லை.

ஒரே வரிசை

முதல் வாரத்திலேயே பையன்களை அசத்தியது அங்கே இருந்த மெஷின்கள் இல்லை, கேன்டீன். எங்கள் கம்பெனியில் ஆபீசர்களுக்கு ஒரு கேன்டீன், தொழிலாளிக்கு ஒரு கேன்டீன், அப்ரெண்டிஸுக்கு அதன் பின்வாசல். அங்கே சீஃப் இன்ஜினியர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் தரை துடைக்கிற அம்மாள். அவருக்குப் பின்னால் ஏழுமலை. சீஃப் இன்ஜினியர் திரும்பி "டோப்ரி டென்" என்று வணக்கம் சொன்னதும் ஏழுமலை வரிசையை விட்டு விலகி வழிவிட்டான். அவர் அவன் தோளைப் பிடித்து மறுபடியும் வரிசையில் நிறுத்தினார்.

சாப்பாடு பழக நாளாயிற்று. வேகவைத்த மாவு உருண்டையை நூலால் அறுத்துத் துண்டுதுண்டாக வைப்பார்கள். பையன்கள் அதற்கு 'ஊமை இட்லி' என்று பெயர் வைத்தார்கள். சூப்பில் சீரகம் மாதிரி ஒன்று மிதக்கும். அந்த வாசனைக்காகவே இரண்டு கிண்ணம் குடிப்பார்கள். ஜாஃபர் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டான் என்று ஒருமுறைதான் சொன்னோம். அன்றிலிருந்து கேன்டீன் அம்மாள் அவனுக்கு மட்டும் முட்டையோ பாலாடைக்கட்டியோ தனியாக எடுத்து வைப்பார். கிளம்புகிற நாள்வரை ஒரு வேளைகூட மறக்கவில்லை.

ஷாப்பில் எங்கள் ஃபோர்மன் பெயர் நோவாக். அவர் கற்றுக்கொடுத்தது ஸ்க்ரேப்பிங். லேத்தின் அடித்தளமான பெட், மெஷினில் எவ்வளவு நன்றாக அறுபட்டு வந்தாலும் முழுச் சமமாக இருக்காது. துல்லியமாகச் சமமான மாஸ்டர் பிளேட்டில் நீலச் சாயம் தடவி பெட்டின்மேல் தேய்த்தால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த மேட்டைக் ஸ்க்ரேப்பர் என்ற உளியைக் கையால் பிடித்துச் சீவ வேண்டும். மறுபடி தேய்க்க வேண்டும், மறுபடி சீவ வேண்டும். பெட்டின் பரப்பு முழுக்க நீலப் புள்ளிகள் சீராக விழும்வரை இதேதான் வேலை. சந்தானம் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். ஏழுமலைக்கு வரவில்லை. விறைத்து நின்று கைபலத்தால் தள்ளுவான். ஸ்க்ரேப்பர் துள்ளிக் கோடு விழும். நோவாக் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

அந்த நிலையில்தான் உருளைக்கிழங்கு நோட்டீஸ் வந்தது.

ஹாஸ்டலில் நடந்தது

அன்று மத்தியானம் நான் நோவாக்கைப் போய்ப் பார்த்தேன். ஹானாவும் கூட இருந்தார். "பையன்களுக்கு இந்த வேலை பழக்கமில்லை, அக்ரிமென்டிலும் இல்லை" என்றேன். நோவாக்குக்கு நான் சொல்வது விளங்கவே இல்லை. "உடம்பு சரியில்லையா? குளிருமா? இன்னொரு கோட் தருகிறேன்" என்றார். வரமாட்டோம் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் ஹானா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வராவிட்டால் மாத ரிப்போர்ட்டில் நான் எழுதவேண்டும். அதைப் படித்து உங்கள் கம்பெனி என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். அடுத்த பேட்சை வரவேற்க யாருக்கும் மனசு இருக்காது."

ஹாஸ்டலில் ஆறு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தேன். சந்தானம் எழுந்து நின்றான். கோபத்தைவிட அழுகைதான் குரலில் அதிகம் இருந்தது.

"நம்ம ஊர்ல இந்த வேலைய யார் செய்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா சார்? எங்க தெருவே ஸ்டேஷனுக்கு வந்து மாலை போட்டு அனுப்புச்சு. இங்க வந்து சேத்துல குனிஞ்சேன்னு தெரிஞ்சா எங்கப்பா வெளிய தல காட்ட முடியாது. கூலிக்காரன் வேல செய்யவா நான் பரீட்ச எழுதுனேன்?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஜாஃபர் மட்டும், "போலாம் மச்சான், மூணு நாளு. இன்னா இப்போ, கையா தேஞ்சிரும்?" என்றான். ஏழுமலை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் ஸ்க்ரேப்பரை ஆயில் ஸ்டோனில் தீட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவே இல்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடவேண்டும். என் ஊரும் அதே ஏரிக்குக் கீழேதான். ஏழுமலையின் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி. என் அம்மா நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்தவள். பதினைந்து வயதுவரை நானும் அவளோடு வயலில் இறங்கியிருக்கிறேன். அம்பத்தூர் பக்கம் மண்ணூர்பேட்டையில் குடிவந்த பிறகு, ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தேன். நிலம் எல்லாம் எதுவும் கிடையாது.

அந்த அறையில் அதைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாய் வரவில்லை. இன்ஸ்ட்ரக்டர் தோரணையில், "வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாரும் பூட்ஸ் போட்டு ரெடியா இருக்கணும். இது ஆர்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

வயல்

லாரியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஏறிப் பார்த்தால் பாதித் தொழிற்சாலை உள்ளே உட்கார்ந்திருந்தது. டைப்பிஸ்ட் பெண்கள், நர்ஸ், கேன்டீன் அம்மாள், நோவாக். மூலையில் முழங்காலில் ஒட்டுப்போட்ட பழைய பேன்ட்டும் தொப்பியுமாக ஒருவர், ரொட்டி கடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அது சீஃப் இன்ஜினியர் சார்!" என்று ஜாஃபர் என் காதில் கிசுகிசுத்தான். "அவரும் கெயங்குக்கு வந்துகினு கீறாரு சார்!"

சந்தானம் அவரைப் பார்த்தான். பிறகு வெளியே பார்த்தான்.

மேடும் பள்ளமுமாகப் பெரிய வயல். பனி இன்னும் விலகவில்லை. ஒரு டிராக்டர் வரிசை வரிசையாக மண்ணைப் புரட்டிக்கொண்டே போகும். புரண்ட மண்ணில் கிழங்குகள் கிடக்கும். பின்னால் ஆட்கள் கூடையோடு போய்ப் பொறுக்கவேண்டும். நிறைந்த கூடையை டிரெய்லரில் கொட்டவேண்டும். பண்ணையின் வயல் வேலைக்குத் தலைவி மாரியா என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும். தலையில் பூப்போட்ட துணி, பெரிய குரல். எங்கள் ஏழு பேருக்கும் வயலில் ஒரு பகுதியை அளந்து விட்டார்.

பையன்கள் குந்தி உட்கார்ந்து பொறுக்கினார்கள். நாலு கிழங்கு எடுப்பதும், எழுந்து கூடையை நகர்த்துவதும், மறுபடி குந்துவதுமாக. பூட்ஸில் ஈர மண் ஒட்டி ஒவ்வொரு காலும் செங்கல் மாதிரி கனத்தது. விரல் நுனி குளிரில் மரத்துப்போனது. ஏழுமலையும் குந்திதான் பொறுக்கினான்.

ஆனால் நான் கவனித்தேன். இரண்டு மூன்று தடவை அவன் உடம்பு தானாகவே வேறு மாதிரி போயிற்று. காலை அகட்டி, முழங்கால் மடங்காமல், இடுப்பிலிருந்து அப்படியே குனிந்து, இரண்டு கையும் ஒரே நேரத்தில் மண்ணுக்கு. நாற்று நடுகிறவர்கள் நிற்கிற நிலை அது. அடுத்த நொடி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மறுபடி குந்திக்கொள்வான். ஏன் அப்படிச் செய்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. காலையிலிருந்து நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மேகம்

சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கே வானம் கறுத்தது. மாரியா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். ஹானா எங்களுக்குச் சொன்னார். "மழை வந்தால் புரட்டிப்போட்ட கிழங்கு அழுகிவிடும். டிராக்டரும் இறங்க முடியாது. இந்த ஊருக்குக் குளிர்காலச் சாப்பாடு இதுதான். மழைக்கு முன் முடிக்கவேண்டும்."

எல்லோரும் வேகமெடுத்தார்கள். சீஃப் இன்ஜினியர் கூடையை முதுகில் வைத்துக்கொண்டு ஓடினார். எங்கள் பகுதி மட்டும் பாதிகூடத் தாண்டவில்லை. டிராக்டர் அடுத்த சுற்று வந்து, நாங்கள் முடிக்காததால் இன்ஜினை உறுமவிட்டபடி நின்றது. டிரைவர் ஏதோ சொல்ல, டைப்பிஸ்ட் பெண்கள் சிரித்தார்கள். கேலி இல்லை, களைப்பில் வந்த சிரிப்பு. ஆனாலும் ஏழுமலையின் காதில் விழுந்தது.

அவன் வானத்தைப் பார்த்தான். நின்றுகொண்டிருந்த டிராக்டரைப் பார்த்தான். கோட்டைக் கழற்றி வரப்பில் வீசினான்.

"ஜாஃபரு, நீ பொறுக்காத. கூடைய மட்டும் தூக்கு. நெறஞ்சத கொண்டு போ, காலிய கொண்டா, நின்னுகினே இருக்காத. சந்தானம், குந்தாதடா! குந்துனா எழுந்துக்கறதுலயே பாதி நேரம் பூடும். கால அகட்டு. இடுப்புலருந்து வளை. ரெண்டு கையும் போடு. கண்ணு கைய பாக்கக்கூடாது, அடுத்த கெயங்க பாக்கணும்."

இரண்டு மாதமாக அவன் மொத்தமாகப் பேசிய வார்த்தைகளைவிட இது அதிகம். சந்தானம் எழுந்து காலை அகட்டினான். பிறகு அவன் சொன்னபடியே குனிந்தான்.

ஏழுமலை குனிந்தவன் நிமிரவில்லை. பின்காலை இழுத்து இழுத்து நகர்ந்துகொண்டே போனான். அவன் கை போன இடத்தில் கிழங்கு இருந்தது, கை விட்ட இடத்தில் கூடை இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வரிசையைச் சேர்த்து எடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிக் குந்தி இருப்பது? நானும் கோட்டைக் கழற்றினேன். அவன் பக்கத்து வரிசையில் போய்க் குனிந்தேன். பதினேழு, பதினெட்டு வருஷம் கழித்து. இடுப்பு மறக்கவில்லை.

அவன் தலையைத் திருப்பி என் காலைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்.

"சார்... நீங்களும்...?"

"கீழ பாத்து வேலையப் பாரு" என்றேன்.

எங்கள் பகுதியை முடித்தோம். டிராக்டர் டிரைவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். ஏழுமலை கூடையோடு நேரே டைப்பிஸ்ட் பெண்களின் வரிசைக்குப் போனான். மற்ற ஐந்து பேரும் யாரும் சொல்லாமலே அவன் பின்னால் போனார்கள். கடைசி டிரெய்லருக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது முதல் துளி என் கழுத்தில் விழுந்தது.

வைக்கோல் கொட்டகை

மழை கொட்டியது. எல்லோரும் வைக்கோல் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். மத்தியானமே வயலோரத்தில் காய்ந்த கிழங்குச் செடிகளைக் குவித்து எரித்து, அந்தச் சாம்பலில் கிழங்கைப் புதைத்துச் சுட்டு வைத்திருந்தார்கள். தோல் கருகி, உள்ளே மாவாக, கொஞ்சம் உப்பும் வெண்ணெயும் வைத்து. ஜாஃபர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பூந்தமல்லியிலிருந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள். நோவாக் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கினார். அவர் இருமி முடிப்பதற்குள் கேன்டீன் அம்மாள் ஒரு குவளைப் பாலோடு வந்துவிட்டார். கொட்டகையே சிரித்தது.

மாரியா ஏழுமலைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். அவன் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஹானாவிடம் ஏதோ கேட்டார்.

"இந்த வேலையை எங்கே கற்றாய் என்று கேட்கிறார்" என்றார் ஹானா. சந்தானம் அதைத் தமிழில் சொன்னான்.

ஏழுமலை கிழங்கின் தோலை உரித்து முடித்தான். எங்கள் பையன்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"எங்கப்பா கூட. எங்கம்மா கூட. ஏரிக்குக் கீய நெல்லு வயல்ல. கூலி வேல."

"மில்லுல மேஸ்திரின்னு சொன்னியேடா" என்றான் சந்தானம்.

"பொய் சொன்னேன்."

சந்தானம் அதை மொழிபெயர்க்காமல் நின்றான். ஹானா "என்ன சொன்னான்?" என்று இரண்டு தடவை கேட்டார். கடைசியில் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பா, அம்மா, வயல், கூலி. பொய் சொன்னதைச் சொல்லவில்லை.

மாரியா கேட்டுவிட்டு எழுந்து நின்றார். ஏழுமலையையும் எழுப்பினார். எல்லோரையும் பார்த்து உரக்க ஒரு வார்த்தை சொன்னார்: "ஷிகோவ்னி!" கொட்டகையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். சீஃப் இன்ஜினியரும் தட்டினார். வேலை தெரிந்த கை உள்ளவனுக்குச் சொல்கிற வார்த்தை அது, தங்கள் மொழியில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றார் ஹானா. மாரியாவின் பெற்றோரும் ஒரு பிரபுவின் பண்ணையில் ஊழியம் செய்தவர்களாம். அதையும் மாரியாவே சொன்னார், ஊரறிய, சத்தமாக.

ஏழுமலை அழவில்லை. நான் பயந்தேன், அழுதுவிடுவானோ என்று. நிமிர்ந்து நின்றான். இடுப்பில் மண், முகத்தில் சாம்பல்.

என்னுடையதையும் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இருந்த தைரியம் அவனுடைய இன்ஸ்ட்ரக்டருக்கு இல்லை.

அடுத்த நாள் மழை விட்டது. காலையில் லாரியில் சந்தானம், ஏழுமலைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தான். ஊர் முழுக்க இருட்டாக இருந்தது, முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. "இன்னைக்கும் உன் வரிசையில என்னைச் சேத்துக்கோடா. இடுப்பு வலி உயிர் போவுது. ஆனா நேத்து பாதியிலதான் எனக்கு அது பிடிபட்டுச்சு."

"மொத நாளு அப்டித்தான் இருக்கும்" என்றான் ஏழுமலை. "மூணா நாளு தெரியாது."

மறுபடி ஷாப்பில்

திங்கட்கிழமை ஷாப்புக்குப் போனதும் நோவாக் நேராக ஏழுமலையின் பெஞ்சுக்கு வந்தார். ஸ்க்ரேப்பரை அவன் கையில் கொடுத்தார். பிறகு தானே வயலில் அவன் குனிந்த மாதிரி குனிந்து காட்டினார். ஹானாவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வயலில் உன் இடுப்பு எப்படி வேலை செய்தது? இங்கே மட்டும் ஏன் மரம் மாதிரி நிற்கிறாய்? இதுதான் அவர் கேட்டது.

ஏழுமலை காலை அகட்டினான். ஸ்க்ரேப்பரின் பிடியை இடுப்பில் அணைத்தான். கையால் தள்ளாமல் உடம்பால் தள்ளினான். ஸ்க்ரேப்பர் துள்ளவில்லை. மெல்லிய சீவல் சுருண்டு விழுந்தது. நோவாக் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

டிசம்பரில் கடைசி டெஸ்ட். ஆறு பேரும் ஆளுக்கொரு பிளேட் ஸ்க்ரேப் செய்யவேண்டும். ஆறும் பாஸ். ஏழுமலையின் பிளேட்டில் நீலம் தடவித் தேய்த்துப் பார்த்தபோது, புள்ளிகள் பரப்பு முழுக்க ஒரே சீராக, நெருக்கமாக விழுந்தன. நோவாக் அதை எங்களோடு அனுப்பவில்லை. தன் ஷாப்பிலேயே வைத்துக்கொண்டார், வரப்போகிற பையன்களுக்குக் காட்ட. ஹானாவின் கடைசி ரிப்போர்ட்டை எங்கள் வொர்க்ஸ் மேனேஜர் பிறகு எனக்குப் படிக்கக் கொடுத்தார். அடுத்த பேட்சை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்பும்படி அதில் கேட்டிருந்தார்கள்.

அம்பத்தூரில்

பொங்கல் கழித்து கம்பெனியில் எங்களுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம். அசெம்பிளி ஷாப்பில் மெஷின்களை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். பையன்களின் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். சந்தானத்தின் அப்பா சட்டைப் பையில் பேனாவோடு முன்வரிசையில். ஜாஃபரின் வீட்டிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

வொர்க்ஸ் மேனேஜர் ஏழுமலையைக் கூப்பிட்டார். "செக்கோஸ்லோவாக்கியாவுல என்ன கத்துக்கிட்டேன்னு நாலு வார்த்தை சொல்லுப்பா."

"ஒரு நிமிசம் சார்" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே நடந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வெளுத்த வேட்டியோடு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். உள்ளே வரச்சொல்லி வாட்ச்மேன் கூப்பிட்டும் வராமல் காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். ஏழுமலை அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தான். வாசலில் நின்று, கக்கத்திலிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டான்.

"இவரு எங்கப்பா. பேரு முனுசாமி. செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீய வயல்ல கூலி வேல செய்றாரு" என்றான். "இன்னா கத்துக்கினேன்னு கேட்டீங்க சார். நோவாக் சாரு ஸ்க்ரேப்பிங் கத்துக்குடுத்தாரு. அதுக்கு இடுப்ப எப்டி வளைக்கணும்னு எங்கப்பா அதுக்கு முன்னியே கத்துக்குடுத்துட்டாரு. எனக்குத்தான் அது தெரியாம இருந்துச்சு."

முனுசாமி பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "சின்னப் பையன் சாமி, தெரியாம பேசறான், மனசுல வெச்சிக்காதீங்க."

முனுசாமிக்கு இடம் தர வொர்க்ஸ் மேனேஜர் எழுந்துவிட்டார். அதற்குள் சந்தானம் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முன்வரிசையில், தன் அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டான். "உக்காருங்கப்பா" என்று முனுசாமியைக் கைபிடித்து உட்கார வைத்தான். சந்தானத்தின் அப்பா ஒரு கணம் மகனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

அடுத்தது நான் பேசவேண்டும். இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை எடுக்கவே இல்லை. "எங்கம்மா பேரு கன்னியம்மா" என்று ஆரம்பித்தேன். "ஏழுமலையோட ஊருக்கு ரெண்டு ஊரு தள்ளி எங்க ஊரு. அவங்க நடவு நட்டுத்தான் நான் படிச்சேன். எங்களுக்கு நிலம் கெடையாது." முடித்துவிட்டு உட்கார்ந்தபோது ஏழுமலை என்னைப் பார்த்துச் சிரித்தான். வயலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டதுதானே.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேட்சுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு பேட்சிலும் முதல் நாள் ஃபைலும் கொடுக்கமாட்டேன், டிராயிங்கும் கொடுக்கமாட்டேன். ஒவ்வொருவனையும் எழுப்பி, உங்க வீட்ல யார் என்ன வேலை செய்றாங்க என்று கேட்பேன். அவர்கள் சொல்வதற்கு முன் என் வீட்டு விஷயத்தை நான் சொல்வேன். தச்சன் மகன் வருவான், துணி வெளுப்பவர் மகன் வருவான், மாடு ஓட்டியவன் வருவான். ஒரு தொழிலும் தெரியாத கையோடு எவனும் ஷாப்புக்குள் வருவதில்லை என்பதுதான் என் சர்வீஸில் நான் கற்ற பாடம். அந்தக் கை எங்கே பழகியது என்று தெரிந்துகொண்டால் பாதி டிரெயினிங் முடிந்த மாதிரி. பதில் சொல்லும்போது எந்தப் பையனுக்குக் குரல் இறங்குகிறதோ, அவனைக் கவனித்து வைத்துக்கொள்வேன். மறுநாள் ஸ்க்ரேப்பரை முதலில் அவன் கையில்தான் கொடுப்பேன்.